சர்க்கரை அழுக்கு இல்லையே, பின் ஏன் சிறுநீரில் வருகிறது?

கேள்வி இது: "சிறுநீரகம் இரத்தத்திலுள்ள அழுக்கை வடிகட்டி வெளியேற்றுகிறது என்றுதான் பள்ளியில் படித்தேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய சிறுநீரில் சர்க்கரை 'மூன்று பிளஸ்' என்று அறிக்கை வந்திருக்கிறது. சர்க்கரை அழுக்கு இல்லையே, அது ஏன் வெளியே வருகிறது? இன்னொன்று. சித்திரை, வைகாசியில் கோட்டையூர் வெயிலில் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கிறேன். சிறுநீரோ கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறது. மார்கழியில் அதில் பாதிகூடக் குடிப்பதில்லை; அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது. சிறுநீர் எப்படித்தான் உருவாகிறது? அதில் என்னதான் இருக்கிறது?"

காரைக்குடியில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. சிறுநீரகம் அழுக்கைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. முதலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியை நல்லது, கெட்டது பார்க்காமல் மொத்தமாக வெளியே விடுகிறது. பிறகு அதிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுக்காமல் விட்டதுதான் சிறுநீர்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் வீடு ஒழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து பித்தளை, வெண்கலம், மங்குச் சாமான், கிழிந்த பாய், உடைந்த நாற்காலி என்று அத்தனையும் வளவுக்கு வந்துவிடும். ஆச்சி ஒருவர் தூணோரம் உட்கார்ந்துகொண்டு, "அந்த அடுக்கு உள்ளே, இந்தத் தூக்குச் சட்டி உள்ளே" என்று சொல்லச் சொல்ல, வேண்டியது மட்டும் அறைக்குத் திரும்பும். பெயர் சொல்லாமல் விட்டது குப்பைக்கோ, முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கோ போகும். இருட்டறைக்குள் புகுந்து குப்பையை மட்டும் பொறுக்கி எடுக்க யாரும் முயல்வதில்லை. சிறுநீரகத்தின் முறையும் இதுவே. வித்தியாசம் ஒன்று உண்டு: வீட்டை எப்போதோ ஒருமுறை ஒழிக்கிறோம். சிறுநீரகம் நம் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா முழுவதையும் ஒரு நாளில் சுமார் 60 தடவை இப்படி வெளியே எடுத்துவைத்து உள்ளே திருப்புகிறது.

கணக்கைப் பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான்; உடல் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. இருந்தும், ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கே போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். அதிலிருந்து நிமிடத்துக்கு 125 மில்லி அளவுக்கு நீர் பிரிந்து வெளியே வருகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர். மீதி 178 லிட்டருக்கும் மேலே திரும்ப உள்ளே போய்விட்டது. சிறுநீரகத்தின் உழைப்பெல்லாம் இந்தத் திரும்ப எடுப்பதில்தான். உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இந்தச் சின்ன உறுப்புகள் செலவழிப்பதும் அதற்காகத்தான். வெளியே விடுவதற்கு இரத்த அழுத்தமே போதும். அதை இதயம் பார்த்துக்கொள்கிறது.

இந்த வேலை நடக்கும் நுண்குழாய்க்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள்; ஆளுக்கு ஆள் இது நிறையவே வேறுபடும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மெல்லிய இரத்தத் தந்துகிகள் சுருண்ட ஒரு முடிச்சு உண்டு, அது குளோமருலஸ். அதைச் சுற்றி இரட்டைச் சுவருள்ள பௌமானின் கிண்ணம். தந்துகியின் சுவரில் துளைகள், அதற்கு அடுத்து ஒரு சவ்வு, அதன்மேல் கால்விரல்களைக் கோத்ததுபோல் படிந்திருக்கும் செல்கள். இந்த மூன்று அடுக்கையும் தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா போன்ற சின்ன மூலக்கூறுகள் தடையின்றிக் கடந்துவிடும். இரத்த அணுக்கள் கடக்காது. அல்புமின் முதலான பெரிய புரதங்களும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கப்படுகின்றன. அளவு மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்தச் சுவருக்கும் எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம், அல்புமினுக்கும் அதே எதிர் மின்னேற்றம். ஒன்றை ஒன்று விலக்கும்.

ஆக, பௌமானின் கிண்ணத்தில் முதலில் விழும் நீர் என்பது புரதம் நீங்கிய பிளாஸ்மா. அதில் உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, எனக்கும் உண்டு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டு.

இதை எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் கிண்ணத்தை வில்லியம் பௌமான் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842இல் விவரித்தார். அவரே நினைத்தது வேறு: முடிச்சிலிருந்து தண்ணீர் மட்டும் வருகிறது, கழிவுகளைக் குழாயின் செல்கள் சேர்க்கின்றன என்று. அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக், முதலில் எல்லாமே வடிந்துவிடுகின்றன, பிறகு திரும்ப உறிஞ்சப்படுகின்றன என்றார். யார் சொல்வது சரி என்பது எண்பது ஆண்டுகள் தீரவில்லை. 1920களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸும் ஜோசப் வெர்னும் ஒரு தவளையின் சிறுநீரகத்தில், நுண்ணோக்கியின் கீழ், முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பௌமானின் கிண்ணத்துக்குள் செருகி, அங்கே இருந்த நீரை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரில் சர்க்கரை இல்லை. விவாதம் தீர்ந்தது. உடலியங்கியலில் இவ்வளவு சுத்தமான சோதனை அபூர்வம் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். கிண்ணத்திலிருந்து நீர் நெளிவான முதல் குழாய்க்குள் போகிறது. அள்ளும் வேலையில் பெரும்பங்கு இங்கேதான்: தண்ணீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, அமினோ அமிலங்கள் ஏறக்குறைய முழுவதும், சர்க்கரை முழுவதும் இரத்தத்துக்குத் திரும்புகின்றன. சாதாரண ஆளின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்தால், நாளைக்கு 180 கிராம் சர்க்கரை வடிந்து வெளியேறி, அத்தனையும் திரும்பி வருகிறது. இதைச் செய்வது குழாய்ச் செல்களின் மேல் இருக்கும் ஒரு வகைக் கடத்திப் புரதங்கள். சோடியம் உள்ளே வரும்போது கூடவே சர்க்கரையையும் இழுத்து வரும். அந்தக் கடத்திகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், வடிந்து வருவதை அள்ளி முடிக்க அவற்றால் முடியாது. மிஞ்சியது சிறுநீரோடு போகிறது. உங்கள் அப்பாவின் சிறுநீரில் வந்தது இந்த மிச்சம்.

சர்க்கரை தனியாகப் போவதில்லை, தண்ணீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், அதனால் தாகம் எடுப்பதும் இந்த வரிசையில்தான். தாகத்தினால் தண்ணீர் குடித்து, அதனால் சிறுநீர் போகிறது என்று பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயருள்ள மாத்திரைகள் இப்போது நிறைய எழுதப்படுகின்றன. அவை அந்தக் கடத்திப் புரதத்தில் முக்கியமானதை வேண்டுமென்றே தடுக்கின்றன; சர்க்கரை திரும்ப உள்ளே போகாமல் சிறுநீரில் கொட்டிவிடும். அந்த மாத்திரை எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை எப்போதும் மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்றுதான் வரும், இரத்தச் சர்க்கரை நன்றாக இருந்தாலும். அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அண்ணே, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். இந்த மருந்துகளின் மூதாதை ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்.

முதல் குழாயை விட்டு நீர் ஹென்லேயின் வளைவுக்குள் இறங்குகிறது. கொண்டை ஊசி போல் கீழே போய்த் திரும்பி மேலே வரும் குழாய் இது. மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பகுதி. ஆனால் வெயில் கால மஞ்சளுக்கு விடை இங்கே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மேலே ஏறும் பாதி, உப்பை வெளியே தள்ளும், தண்ணீரை விடாது. தள்ளிய உப்பு சுற்றியுள்ள திசுவில் சேர்கிறது. யூரியாவும் அங்கே கொஞ்சம் தேங்குகிறது. இறங்கும் பாதி தண்ணீரை வெளியே விடும். உப்பான இடத்துக்குள் இறங்க இறங்க அதன் நீர் வற்றி அடர்த்தியாகும். அடர்த்தியான நீர் மேலே ஏறும் பாதிக்கு வரும்போது அங்கே தள்ளுவதற்கு இன்னும் உப்பு கிடைக்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுத்து, சிறுநீரகத்தின் அடி ஆழம் இரத்தத்தைப் போல் நான்கு மடங்கு செறிவுள்ள உப்புப் பிரதேசமாகிவிடுகிறது. ஏறி முடித்த நீரோ உப்பு போய், இரத்தத்தைவிட நீர்த்திருக்கும். நீர்க்கட்டுக்குக் கொடுக்கும் ஃபுரோசமைடு மாத்திரை தடுப்பது ஏறும் பாதியின் உப்புத் தள்ளலை. அதனால்தான் அதைப் போட்ட அரை மணி, ஒரு மணியில் சிறுநீர் பெருகுகிறது.

இந்த நீர்த்த நீர் கடைசியில் சேகரிப்பு நாளத்தில் விழுந்து, மறுபடி அந்த உப்புப் பிரதேசத்தின் வழியே கீழே இறங்கி வெளியேற வேண்டும். சேகரிப்பு நாளத்தின் சுவர் தண்ணீரை விடுமா, விடாதா என்பதை ஒரு ஹார்மோன் தீர்மானிக்கிறது. வாசோபிரசின் என்பார்கள், ஏ.டி.எச். என்றும் எழுதுவார்கள். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகிப் பிட்யூட்டரி வழியே இரத்தத்தில் கலக்கும். அது வந்தால் நாளத்தின் செல்கள் அக்வாபோரின் என்ற நீர்த்துளைப் புரதங்களைத் தம் சுவரில் பொருத்துகின்றன. தண்ணீர் வெளியேறி இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் சுருங்கி அடர்த்தியாகும். அது வராவிட்டால் துளைகள் விலக்கப்படும், தண்ணீர் அப்படியே சிறுநீராகப் போகும். அக்வாபோரினைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் அக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடினாலே மூளை இந்த ஹார்மோனைக் கூட்டிவிடும். வைகாசி வெயிலில் வெளியே வேலை பார்ப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வை போகலாம். நீங்கள் மூன்று லிட்டர் குடித்தாலும் வியர்வைக் கணக்கு அதைத் தின்றுவிடுகிறது. ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். சேகரிப்பு நாளம் தண்ணீரை ஒட்ட வாங்கிக்கொள்ளும். வியர்வையில் உப்பும் போவதால் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அனுப்பி, சோடியத்தையும் பிடித்துவைக்கச் சொல்லும். கழிக்கவேண்டிய கழிவின் அளவோ மாறவில்லை, அதைக் கரைக்கும் தண்ணீர்தான் குறைந்துவிட்டது. அடர் மஞ்சள் அதனால்தான். மார்கழியில் வியர்வை கிட்டத்தட்ட இல்லை. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வருவதால், "தண்ணீர் அதிகமாக இருக்கிறது" என்று உடம்பு கணக்கிட்டுக் கூடுதலாகவும் வெளியேற்றும். பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போகிறவர்களைக் கேளுங்கள். விடியற்காலைக் குளிரில் ஒரு கணக்கு, உச்சி வெயில் நடையில் இன்னொரு கணக்கு.

எவ்வளவுதான் மிச்சம் பிடித்தாலும் ஓர் அடிமட்டம் உண்டு. அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்ப, சிறுநீரகம் முழுத் திறமையையும் காட்டினாலும், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் தேவை. அதற்குக் கீழே போனால் கழிவு இரத்தத்தில் தேங்கும். தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் எவ்வளவு தவித்தாலும் கடல்நீரைக் குடிப்பதில்லையே, அதற்கும் காரணம் இதே கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. அவ்வளவு செறிவாக உப்பை நம் சிறுநீரில் ஏற்ற முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பைக் கழிக்க ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் போகவேண்டும், குடித்ததும் போய்க் கையிருப்பும் போகும்.

வெயில் ஊர்களில் சிறுநீரகக் கல் அதிகம் என்பதும் இதோடு ஒட்டியதுதான். சிறுநீர் அடர்த்தியானால் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகும். ஏற்கெனவே கல் வந்தவர்கள், குடிக்கும் தண்ணீரை அளப்பதைவிடக் கழிக்கும் சிறுநீர் நாளைக்கு இரண்டரை லிட்டராவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைத்துவிடும் என்று சத்தியம் செய்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அதோடு உள்ளே போகும் தண்ணீர் உதவும். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் படிகம் உருவாவதைத் தடுக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

வடிந்து வந்தது போக, குழாய்ச் செல்களே இரத்தத்திலிருந்து நேராக இழுத்துச் சிறுநீரில் சேர்க்கும் பொருள்களும் உண்டு. பௌமான் சொன்னது முழுத் தவறும் இல்லை. பொட்டாசியம், அமிலம், பல மருந்துகள் இந்த வழியில் போகின்றன. பென்சிலின் இவ்வழியில் வெகு விரைவாக வெளியேறிவிடும். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைக் கொடுத்தபோது மருந்து கையிருப்பு மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்குச் செலுத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. எல்லாவற்றையும் வெளியே விட்டு, தெரிந்ததை மட்டும் திரும்ப எடுப்பதால், கெட்டதை அடையாளம் காணவேண்டிய கட்டாயமே சிறுநீரகத்துக்கு இல்லை. நம் முன்னோர் கண்டிராத ஒரு ரசாயனம் நாளை உடம்புக்குள் வந்து, தண்ணீரில் கரைவதாக இருந்தால், அதைத் திரும்ப எடுக்க ஆள் இருக்காது, போய்விடும். கழிவை ஒவ்வொன்றாகத் தெரிந்து பிடிக்கும் முறையாக இருந்திருந்தால், புதிய விஷம் ஒவ்வொன்றுக்கும் புதிய கடத்தி தேவைப்பட்டிருக்கும்.

சரி, சிறுநீரில் என்ன இருக்கிறது? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்ணீர். மீதியைத் தெரிந்துகொள்ள, ஒரு கறி விருந்தைப் பின்தொடர்ந்து போகலாம். இலையில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், உப்புக்கண்டம், நெத்திலி, கடைசியில் பால் பணியாரம்.

சோறும் எண்ணெயும் பணியாரத்தின் இனிப்பும் உடம்பில் எரிந்து, கரியமில வாயுவாக மூச்சில் போய்விடும்; கொஞ்சம் தண்ணீராகும். சிறுநீரில் அவற்றுக்குத் தனி அடையாளமே இல்லை. கறியின் புரதம் அப்படியில்லை, அதில் நைட்ரஜன் உண்டு. அமினோ அமிலங்கள் உடைபடும்போது அது அமோனியாவாகிறது. அமோனியா மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதை உடனே யூரியாவாக்குகிறது. ஆக யூரியாவைச் செய்வது கல்லீரல், சிறுநீரகம் அதைக் கழிக்கும் வேலையை மட்டும் பார்க்கிறது. ஒரு நாளில் 100 கிராம் புரதம் சாப்பிட்டால் 30 கிராம் அளவுக்கு யூரியா வெளியே போகும். சிறுநீரில் கரைந்திருப்பவற்றில் அதிகமானது இதுவே.

உப்புக்கண்டத்தின் உப்பு ஏறத்தாழ முழுவதும் சிறுநீரில் வரும், கொஞ்சம் வியர்வையில். ஒருவர் எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறார் என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியவேண்டுமென்றால் சமையற்கட்டில் போய் நிற்பதில்லை. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் சோடியம் பார்க்கிறார்கள். "நான் உப்பே சேர்ப்பதில்லை" என்பவரின் சிறுநீர் வேறு மாதிரிப் பேசுவதுண்டு.

கறி, ஈரல், நெத்திலி ஆகியவற்றின் செல்களில் இருக்கும் பியூரின் என்ற பொருள் யூரிக் அமிலமாகிறது. நாளைக்கு அரை கிராம் முதல் முக்கால் கிராம் வரை. பெரும்பாலான பாலூட்டிகள் இதை இன்னும் எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். அதற்கான நொதியை மனிதக் குரங்குகளும் நாமும் பரிணாமத்தில் இழந்துவிட்டோம், அதன் பலனாகக் கவுட் என்ற கீல்வாதத்தைப் பெற்றோம். கறிச் சாப்பாடு சிறுநீரை அமிலப் பக்கம் தள்ளும்; காய்கறி, பழம் காரப் பக்கம். உடம்பில் அன்றாடம் சேரும் அமிலத்தைப் பாஸ்பேட்டோடும் அமோனியத்தோடும் கட்டி அனுப்புவதும் சிறுநீரகத்தின் பொறுப்பு.

மசாலா? பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடைக் கல்லீரல் மாற்றி மாற்றி, கடைசியில் ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பும். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று நாம் போடும் மற்றவற்றின் மணப்பொருள்களும் பெரும்பாலும் இதுபோல் தண்ணீரில் கரையும் உருவத்துக்கு மாறித்தான் வெளியேற முடியும்.

விருந்தோடு அதிகச் சம்பந்தமில்லாமல் வருவது கிரியாட்டினின். தசையில் இருக்கும் கிரியாட்டின் தினமும் ஒரு சீராகச் சிதைந்து உண்டாவது. ஒருவருக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. வடிந்து வந்தால் திரும்ப எடுக்கப்படுவதும் இல்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று மதிப்பிட மருத்துவர்கள் இரத்தக் கிரியாட்டினினைப் பார்ப்பது அதனால்தான். அதில் ஒரு பொறி இருக்கிறது. வடிப்புத் திறன் பாதியாகும் வரைகூட அந்த எண் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே இருக்கலாம், சிறிய உடம்புக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் குறிப்பாக. அதனால் எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து வடிப்புத் திறனைக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். மதிப்பையும் கேட்டு வாங்குங்கள்.

பொட்டாசியம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இளநீரிலும் வாழைப்பழத்திலும் நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தைச் சுலபமாகக் கழித்துவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். "வெயிலுக்கு நல்லது" என்று டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

மஞ்சள் நிறம் உணவிலிருந்து வருவதில்லை. சுமார் 120 நாள் வாழ்ந்த சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றின் நிறப்பொருள் பிலிருபினாகி, பித்தத்தோடு குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மாற்ற, ஒரு பகுதி இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரில் யூரோபிலின் என்ற மஞ்சளாகிறது. இந்த நிறப்பொருள் நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்திருந்தும், அதற்கு வழி செய்யும் பாக்டீரியா நொதி இன்னது என்று 2024இல்தான் கண்டறிந்து வெளியிட்டார்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரையால் பளிச்சென்ற மஞ்சள், பீட்ரூட்டால் இளஞ்சிவப்பு, காசநோய்க்கான ரிஃபாம்பிசினால் ஆரஞ்சு: இவை பயப்பட வேண்டாதவை. காரணம் தெரியாத சிவப்பு அப்படியில்லை. வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். புதிதாகக் கழித்த சிறுநீருக்கு மணம் குறைவு. கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, பாக்டீரியா யூரியாவை உடைத்து மறுபடி அமோனியாவாக்குவதால் வருவது.

இவ்வளவும் தயாரான பிறகு பயணம் எளிது. ஓர் அடி நீளத்துக்குச் சற்றுக் குறைவான இரண்டு குழாய்கள், தசை அலைகளால் சொட்டுச் சொட்டாகத் தள்ளிச் சிறுநீர்ப்பையில் சேர்க்கின்றன. படுத்திருந்தாலும் அது நடக்கும். பையில் 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு. 400ஐ நெருங்கினால் அவசரம். வழியில் சிறுநீரின் சேர்க்கையில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி முறையும் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை இவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. இன்றைய அறிக்கையின் முதல் வரிகளும் நிறம், ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்றே தொடங்குகின்றன. நுரையைக் கவனித்தவர்கள் கெட்டிக்காரர்கள். கழித்துச் சில நிமிடங்களாகியும் அடங்காத நுரை புரதத்தைக் காட்டலாம். ஆரோக்கியமானவருக்கு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் புரதம் போகாது; அதிலும் பெரும்பங்கு யூரோமாடுலின் என்ற, குழாய்ச் செல்களே சுரக்கும் புரதம். அல்புமின் கூடுதலாக வந்தால் குளோமருலஸின் சுவர் கெட்டுவருகிறது என்று பொருள்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இந்த இடத்தில்தான். மூன்று பிளஸ் சர்க்கரை, அவருடைய சிறுநீரகம் கெட்டதற்கான அத்தாட்சி ஆகாது. இரத்தச் சர்க்கரை கூடியிருக்கிறது, அல்லது மாத்திரை வேலை செய்கிறது, அவ்வளவே அது சொல்லும். சிறுநீரகத்தின் நிலை தெரிய வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கவேண்டும். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் சில வார இடைவெளியில் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மருத்துவரிடம் பேசுங்கள். இரத்தக் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த விகிதம் கூடத் தொடங்கிவிடும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கினால் சேதத்தை வெகுவாகத் தள்ளிப்போடலாம்.

மாதிரி கொடுக்கும்போது காலையில் முதலில் போகும் சிறுநீரில், தொடக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். லேபில் கொடுக்கும் டப்பாவிலேயே பிடியுங்கள். வீட்டிலிருக்கும் காலித் தேன் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து, சர்க்கரை நாலு பிளஸ் என்று கேட்டு மயங்கி உட்கார்ந்த ஆச்சிகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவதாக இருந்தால் இங்கே வந்தபிறகே கொடுக்கலாம்.